நான்காம் படிக்கு ஒரு பொன்னாடை

பட்டியல் போடத் தெரிந்தவர்களுக்கு உரிய மரியாதை எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. கல்யாண வீட்டில் யாரை முதல் பந்தியில் உட்காரவைப்பது, யாரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவது, தள்ளப்பட்டவர் முகம் சுளித்துக் கிளம்பிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிற பெரிய மாமாவின் சாமர்த்தியத்தை யார் பாடியிருக்கிறார்கள்? அந்தக் குறையை என்னால் ஆன அளவுக்குத் தீர்த்துவைக்க எண்ணுகிறேன். 2020-இல், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இங்கிலாந்தில் அறுவை சிகிச்சைகளுக்கு வரிசை வகுத்த பெருமக்களுக்கும், அந்த வரிசையை ஆண்டுக்கணக்கில் கலையாமல் காத்த ஆட்சியாளர்களுக்கும் இதோ ஒரு பொன்னாடை. குறிப்பாக, உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையை அவர்கள் உட்காரவைத்த இடத்துக்காக.

இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 17 அன்று என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவையின் இங்கிலாந்துத் தலைவர் சைமன் ஸ்டீவன்ஸ் எல்லா மருத்துவமனைகளுக்கும் கடிதம் எழுதினார். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஏப்ரல் 15-க்குள் நிறுத்திவிட வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு. அதையடுத்து, எந்த அறுவையை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்று அறுவை மருத்துவச் சங்கங்கள் கூடிப் படிகள் வகுத்தன. 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டியது முதல் படியின் மேல்பாதி. 72 மணி நேரம் பொறுக்கும் என்றால் அதன் கீழ்பாதி. நான்கு வாரம் தாங்கும் என்றால் இரண்டாம் படி. மூன்று மாதம் தாங்கும் என்றால் மூன்றாம் படி. மூன்று மாதத்துக்கு மேலும் தாங்கும் என்றால் நான்காம் படி.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை, ஏதேனும் சிக்கலாகி உயிருக்கு ஆபத்து வந்தால் ஒழிய, பெரும்பாலும் அந்த நான்காம் படியில்தான் இருந்தது. இதில் உள்ள நயத்தைக் கவனிக்க வேண்டும். மற்ற படிகளுக்கெல்லாம் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் கேள்வி வரும். நான்காம் படிக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் நான்கு மாதமும் மேல்தான், நான்கு ஆண்டும் மேல்தான். கொடுத்த வாக்கை மீறவே முடியாதபடி ஒரு வாக்குக் கொடுப்பது எல்லாருக்கும் கைவருவதல்ல. தங்களுக்குப் பின்னால் யாருமே இல்லையே என்று நான்காம் படிக்காரர்கள் ஏங்கக் கூடாது என்றோ என்னவோ, பிறகு ஐந்தாம் படியும் ஆறாம் படியும் சேர்க்கப்பட்டன. கொரோனாவுக்குப் பயந்து இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றவர்களுக்கு ஐந்து. வேறு காரணத்துக்காக வேண்டாம் என்றவர்களுக்கு ஆறு. ஆகவே வேண்டும் என்று கேட்டவர்களிலேயே கடைசி ஆள் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

முதல் நிறுத்தத்தில் குற்றம் காண்பவன் நான் இல்லை. மார்ச் மாதத்தில் வென்டிலேட்டருக்கு அடிபிடி. மயக்க மருந்து நிபுணர்கள் எல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். 24 நாடுகளில் திரட்டி 2020 மே மாதம் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா தொற்றியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 24 பேர் முப்பது நாளுக்குள் இறந்துபோனார்கள். அந்த நேரத்தில் கத்தியைக் கீழே வைத்தது புத்திசாலித்தனம். கீழே வைத்த கத்தியை எங்கே வைத்தோம் என்பதை மறந்துபோனது அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம். என் பாராட்டு இரண்டாவதற்குத்தான்.

நான்காம் படியில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று அரசுக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே அறிக்கை வெளியிட்டது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற எண் 35-ஐத் தாண்டியவர்களுக்குக் கொரோனாவால் சாகும் ஆபத்து 40 விழுக்காடு கூடுதல். 40-ஐத் தாண்டியவர்களுக்கு 90 விழுக்காடு. அதாவது, கொள்ளைநோய் யாரைத் தேடிவந்து அடிக்கிறதோ, அவர்களுடைய உடல் பருமனுக்கு இருக்கிற மிக வலுவான சிகிச்சையைத்தான், கொள்ளைநோய் இருப்பதால், கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவர்கள் இதைக் கொள்கையாகவே நடத்திக் காட்டினார்கள்.

அரசின் அக்கறைக்கு உயிருள்ள சாட்சியாகப் பிரதமரே இருந்தார். ஏப்ரல் மாதம் போரிஸ் ஜான்சன் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தார். எடை அதிகமாக இருந்ததுதான் தன்னைப் படுக்கவைத்தது என்று அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். தலைவனுக்கு வந்த வலியிலிருந்து நாட்டுக்கு வழி பிறப்பது அபூர்வம். இங்கே பிறந்தது. ஜூலை 27 அன்று உடல் பருமனுக்கு எதிரான பெரும் திட்டத்தை அறிவித்தார்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களின் விளம்பரம் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் வரக் கூடாது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நொறுக்குத்தீனி விற்கக் கூடாது. மக்கள் சைக்கிள் ஓட்ட வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். மதுக்கடைகளும் உணவகங்களும் ஜூலை 4-ஆம் தேதியே திறந்துவிட்டன. உடற்பயிற்சிக் கூடங்கள் மூன்று வாரம் கழித்து 25-ஆம் தேதி திறந்தன. எடை கூடுவதற்கும் குறைப்பதற்கும் இடையே நியாயமான அவகாசம் கொடுத்தார்கள் என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

திட்டம் அறிவித்த ஈரம் காய்வதற்குள், சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 3 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் திட்டம் தொடங்கியது. 'வெளியே சாப்பிட்டு உதவுங்கள்' என்று அதற்குப் பெயர். திங்கள், செவ்வாய், புதன்கிழமைகளில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதிப் பணத்தை அரசு கட்டும்; தலைக்குப் பத்து பவுண்ட் வரை. மது மட்டும் கிடையாது, மற்றபடி எதுவும் சாப்பிடலாம். மெக்டொனால்ட்ஸ், கே.எஃப்.சி. உள்பட எல்லாரும் பந்தல் போட்டார்கள். ஆகஸ்ட் 31 வரை மொத்தம் 13 நாள். 16 கோடிச் சாப்பாட்டுக்கு மேல். அரசுக்குச் செலவு 84 கோடியே 90 லட்சம் பவுண்ட்.

இந்தத் திட்டத்தின் நிர்வாக அழகை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. விண்ணப்பம் இல்லை. சிபாரிசுக் கடிதம் இல்லை. டோக்கன் இல்லை. எடை பார்க்கவில்லை, உயரம் அளக்கவில்லை. இதற்கு முன் வேறு வழிகளில் பசியாற முயன்று தோற்றீர்களா என்று யாரும் கேட்கவில்லை. காலையில் ஒரு கடை, மதியம் ஒரு கடை, இரவில் ஒரு கடை என்று எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். அரசு ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு பாதிப் பணம் கொடுக்கும். ஓர் அரசு நினைத்தால் எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த காகிதத்தில், குடிமகனின் வயிற்றுக்குள் போய்ச் சேர முடியும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

வேலைக்காரக் குடும்பங்களைக் காக்கத்தானே அந்தப் பணம் என்பார்கள். உண்மைதான், உணவகத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும். ஆனாலும் கணக்குப் பார்க்கிற கெட்ட பழக்கம் என்னை விடவில்லை. ஓர் எடைக்குறைப்பு அறுவைக்குப் பத்தாயிரம் பவுண்ட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அந்தத் தொகையில் 84,900 பேருக்குச் செய்திருக்கலாம். கொரோனாவுக்கு முன் என்.எச்.எஸ். ஆண்டுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்ற அளவில்தான் செய்துவந்தது. ஆகப் பத்தாண்டுக்கு மேற்பட்ட அறுவைகளை 13 நாளில் உண்டு செரித்துவிட்டது நாடு. செரிமானத்தில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வயிற்றை அறுத்துச் சிறிதாக்கும் இந்தச் சிகிச்சையை அடைய, கொரோனாவுக்கு முன்பே என்னென்ன படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் சொன்னால்தான் இந்தக் கலையின் பழமை விளங்கும். விதியின்படி பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 முதல் 40 வரை இருந்து, கூடவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வேறேதும் நோயோ இருக்க வேண்டும். அறுவை தவிர்த்த மற்ற எல்லா வழிகளிலும் முயன்று தோற்றிருக்க வேண்டும். எடை மேலாண்மைப் பிரிவு ஒன்றில் பெயர் பதிந்து, உணவியல் நிபுணரையும் உளவியல் நிபுணரையும் பார்த்து, மாதக்கணக்கில் நல்லபிள்ளையாக நடந்துகாட்ட வேண்டும். அந்தப் பிரிவே இல்லாத மாவட்டங்களும் உண்டு. அங்கே இருப்பவர் எந்த வாசலில் போய் நிற்பது என்பது அவர் பாடு. இத்தனையும் தாண்டி, தகுதியுள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அறுவை கிடைத்தது. சலித்து எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும் என்பதால் அவர்களுக்கு இந்த அளவுகளைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று 2014 விதிமுறை சொன்னது. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் நாற்பது வயதிலேயே மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்குகிற நம்மவர்கள் ஏராளம். அவர்களும் வரிசையில் நிற்கத் தகுதி பெற்றார்கள். வரிசையை நீளமாக்கினார்களே ஒழிய வேகமாக்கவில்லை என்று சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள்.

2016-இல் யார்க் பகுதிச் சுகாதார நிதிக் குழு இன்னும் ஒரு படி மேலே போய்ச் சிந்தித்தது. பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு இடுப்பு, முட்டி மாற்று போன்ற அவசரமில்லாத அறுவைகளை ஓராண்டு வரை தள்ளிப்போடலாம் என்று யோசனை சொன்னது. அதற்குள் எடை குறைத்துக் காட்டினால் முன்னதாகவே செய்யலாம். நடக்க முடியாமல் முட்டி தேய்ந்தவரைப் பார்த்து, நடந்து எடையைக் குறைத்துக்கொண்டு வா, முட்டியை மாற்றித் தருகிறேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுறுதி இருக்கும்?

இந்தப் பட்டியல்களுக்கெல்லாம் அடித்தளம் பி.எம்.ஐ. என்கிற ஓர் எண். பெல்ஜியத்து வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே 1830-களில் சராசரி மனிதன் என்பவனைக் கண்டுபிடிக்கப் போட்ட கணக்கு. ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972-இல் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினார். எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் முடிந்தது. கொழுப்பா தசையா, கல்லீரலில் படிந்ததா தொடையில் படிந்ததா என்ற சில்லறைக் கேள்விகளை அது கேட்பதில்லை. விண்மீன்களை எண்ணியவர் கண்டெடுத்த எண் என்பதாலோ என்னவோ, அதற்கு மனிதர்கள் தூரத்திலிருந்து பார்க்கத்தான் சரியாகத் தெரிகிறார்கள்.

அந்த எண்ணின் மகிமை 2021 பிப்ரவரியில் நிரூபணமானது. தடுப்பூசி வரிசையில் பி.எம்.ஐ. 40-க்கு மேற்பட்டவர்களை ஆறாம் பிரிவில் வைத்திருந்தார்கள். லிவர்பூலில் முப்பதைத் தாண்டிய, நோய் நொடி இல்லாத ஒரு பத்திரிகையாளருக்குத் திடீரென்று தடுப்பூசி அழைப்பு வந்தது. ஏன் என்று விசாரித்தார். ஆறடி இரண்டு அங்குலம் என்ற அவருடைய உயரம் குடும்ப மருத்துவரின் பதிவில் 6.2 சென்டிமீட்டர் என்று ஏறியிருந்தது. அதன்படி அவருடைய பி.எம்.ஐ. 28,000. தீப்பெட்டி உயரத்தில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மனிதரைக் கண்டு கணினி கண் சிமிட்டவில்லை. மரியாதையாக வரிசையில் முன்னால் கூப்பிட்டது. அறுவைக்குக் காத்திருந்தவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்றிருக்கலாம்: எடையைக் கூட்டிப் பயனில்லை, உயரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாம் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது விருந்தில் கல்லைப் போடவென்று சில மருத்துவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பிரான்செஸ்கோ ரூபினோவும் பல நாட்டு நிபுணர்களும் 2020 மே மாதமே லான்செட் குழும இதழ் ஒன்றில் பரிந்துரை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது இதுதான். மீண்டும் தொடங்கும்போது முதலில் வந்தவருக்கு முதலில் என்று செய்யாதீர்கள். பி.எம்.ஐ. யாருக்கு அதிகமோ அவருக்கு முதலில் என்றும் செய்யாதீர்கள். யாருக்கு நோய் முற்றியிருக்கிறது, யாருக்குத் தாமதத்தால் உயிர்க்கேடு வரும், யாருக்கு இந்த அறுவையால் அதிக நன்மை என்று பாருங்கள். இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்காதவர், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர், உறுப்பு மாற்றத்துக்கு எடை தடையாக நிற்பவர் போன்றோர் முன்னால் வரட்டும்.

என்ன அநியாயம் பாருங்கள். அவர்கள் சொன்னபடி செய்தால் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பி.எம்.ஐ. 38 உள்ள ஒருவர் 52 உள்ளவரைத் தாண்டிப் போக நேரும். ஒரு நோய்க்கு நோய் என்ற மரியாதையைக் கொடுக்க வேண்டியதாகிவிடும். அது கொடுத்துப் பழக்கமில்லாத மரியாதை.

அவர்கள் இன்னொரு சங்கடமான செய்தியையும் சொன்னார்கள். இரைப்பை பைபாஸ் போன்ற அறுவைகள் வயிற்றின் கொள்ளளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. குடலின் ஹார்மோன்களையே மாற்றிவிடுகின்றன. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாளிலேயே, சர்க்கரை இறங்குவது இதனால்தான். ரோமாபுரியில் நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 37.5 விழுக்காட்டினர் பத்தாண்டும் சர்க்கரை நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே சாவு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் சர்க்கரை நோய் வந்து எவ்வளவு சீக்கிரம் அறுவை நடக்கிறதோ அவ்வளவுக்குப் பலன். கணையம் ஓய்ந்துபோன பிறகு செய்தால் எடை குறையும், சர்க்கரை பிடிவாதமாக நிற்கும். ஆக நான்காம் படியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த அறுவையின் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. வரிசை நகர்ந்து முறை வரும்போது, சிகிச்சை கிடைக்கும், அது வேலை செய்த காலம் போயிருக்கும். அப்போது சொல்லிக்கொள்ளலாம்: பார்த்தீர்களா, இதற்குத்தானா இவ்வளவு அவசரப்பட்டீர்கள்?

ஆபத்து என்ற சாக்கும் வெகுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 2020 மே முதல் ஜூலை வரை, கொரோனாவுக்கு நடுவிலேயே, 35 நாடுகளில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 2,001 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வை நடத்திய குழுவுக்கே இங்கிலாந்தின் பிர்மிங்காம்தான் தலைமையிடம். ஒரு மாதத்துக்குள் இறந்தவர் ஒருவர். கொரோனா அறிகுறி வந்தவர்கள் பத்துப் பேர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை 2021 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், முன்பே அறுவை செய்து எடை குறைத்தவர்களுக்குக் கொரோனா தொற்றியபோது, நோய் கடுமையாகும் வாய்ப்பு 60 விழுக்காடு குறைவாக இருந்தது. இவ்வளவு தெளிவான செய்திகள் வந்தபோதும் கொள்கையில் ஆடாமல் அசையாமல் நின்றார்களே, அந்த உறுதியை எந்தத் தராசில் நிறுப்பது?

இந்த வரிசையின் வெற்றிக்குக் காரணம் வகுத்தவர்களின் திறமை மட்டுமென்று சொன்னால் அது நிறைவான பாராட்டு ஆகாது. நின்றவர்களின் அருமையையும் சொல்ல வேண்டும். இடுப்பு எலும்பு மாற்றக் காத்திருப்பவர் சத்தம் போடுவார். கண்புரைக்குக் காத்திருப்பவரின் மகள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவாள். பருமனுக்கு அறுவை கேட்டுக் காத்திருப்பவர் அலுவலகத்தில்கூடச் சொல்வதில்லை. சொன்னால் வரும் முதல் பதில் அவருக்குத் தெரியும்: வாயைக் கட்டினால் போதாதா? பனிமலையில் சறுக்கி விளையாடி முட்டியை உடைத்துக்கொண்டவரிடம், ஏன் சறுக்கினாய், வீட்டில் இருந்தால் என்ன என்று எந்த மருத்துவரும் கேட்டுப் பார்த்ததில்லை. எடை குறைக்க முயல்பவரின் உடல் பசி ஹார்மோனைக் கூட்டி, எரிக்கும் வேகத்தைக் குறைத்து, இழந்த கிலோவைத் திரும்பப் பிடிக்கப் போராடுகிறது என்பது மருத்துவப் பாடம். வரிசையில் நிற்பவரோ அதைத் தன் பாவம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இருபது ஆண்டாக எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் படிக்கு ஆள் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? தள்ளினால் தள்ளப்படுவார், ஏன் என்று கேட்கமாட்டார், தனக்குத் தகும் என்று தலையைக் குனிந்துகொள்வார்.

பொறுக்க முடியாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. கையில் பத்தாயிரத்துக்கு மேல் பவுண்ட் இருந்தால் தனியார் மருத்துவமனை. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறதென்றால் துருக்கி: விமானச் சீட்டு, ஹோட்டல், இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை எல்லாம் சேர்த்து ஒரே விலை. போனவர்களில் பெரும்பாலோர் மெலிந்து வந்தார்கள். சிலர் தையல் பிரிந்து, சீழ் பிடித்து வந்து, இங்கிலாந்தின் அவசரப் பிரிவில் சேர்ந்தார்கள்; சிலர் திரும்பி வரவே இல்லை. சீழ் பிடித்து வந்தவர்களை என்.எச்.எஸ். மறுக்காமல் ஏற்றுக்கொண்டு முதல் படியில் வைத்துப் பார்த்தது. நான்காம் படியிலிருந்து முதல் படிக்கு வர இஸ்தான்புல் வழியாக ஒரு குறுக்குச் சந்து இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 45 லட்சமாக இருந்த மொத்தக் காத்திருப்புப் பட்டியல் 2023 இலையுதிர் காலத்தில் 77 லட்சத்தைத் தொட்டது. விளம்பரத் தடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதையும் தள்ளிவைத்தார்கள். விலைவாசி ஏறியிருக்கிறது, ஏழைகளின் தின்பண்டத்தைப் பிடுங்கக் கூடாது என்று 2022-இல் ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்துக்கான தடை 2025 அக்டோபரில்தான் வந்தது. விளம்பரத் தடை 2026 ஜனவரிக்குப் போனது. நோயாளிக்கு ஒரு நீதி, நொறுக்குத்தீனிக்கு வேறு நீதி என்று பேதம் பாராட்டாமல் இரண்டையுமே காக்கவைத்த சமநோக்கு எதிர்க்கட்சிக்கும் வாய்த்தது. ஆட்சிக்கு வந்து அவர்களும் ஒரு கை தள்ளினார்கள்.

ஜான்சன் மட்டும் சும்மா இருக்கவில்லை. பதவி போன பிறகு 2023 ஜூனில் ஒரு நாளிதழில் பத்தி எழுத ஆரம்பித்தவர், முதல் பத்தியிலேயே தான் எடை குறைக்க ஊசி போட்டுப் பார்த்த கதையை எழுதினார். ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்டாராம். சைக்கிளும் செயலியும் ஊருக்கு, ஊசி அவருக்கு. முன்னே போய்ச் சோதித்துப் பார்ப்பவன்தானே தலைவன்.

அந்த ஊசிகள் இப்போது ஊருக்கும் வந்துவிட்டன. டிர்செபடைடு என்ற மருந்தை, மவுஞ்சாரோ என்று கடையில் விற்பதை, 2025 ஜூன் முதல் குடும்ப மருத்துவர்கள் வழியாக என்.எச்.எஸ். கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. தகுதியுள்ள எல்லாரையும் சென்றடைய 12 ஆண்டு வரை ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் மூன்று ஆண்டில் 2,20,000 பேர். ரூபினோ சொன்னதை ஐந்தாண்டு யோசித்து ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது: இம்முறை எடையோடு நோயையும் எண்ணுகிறார்கள். முதல் ஆண்டில் ஊசி பெற பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், கெட்ட கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்றுபோதல் ஆகிய ஐந்தில் நான்கு இருக்க வேண்டும். மூன்று மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவரை பொறுக்க மாட்டாதவர்கள் நான்காவதற்கு முயலலாம். காத்திருந்தால் அது தானாகவே வந்துவிடும்.